ஆள் இல்லை

தேவாலயத்தின் அடித்தளத்தில் பயிற்சி.
வெள்ளிக்கிழமை பியரோகிக்கு வதக்கிய வெங்காயம்
திங்கள்வரை சுவரைவிட்டுப் போகவில்லை.
எங்களை இரண்டிரண்டாக நிறுத்தி
ஒருவர் கதவு, ஒருவர் தட்டுபவர் என்றாள் கியானா,
எனக்கு நான்கு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள்.
முதலில் நான் கதவு.
கதவாக இருப்பது சுலபம்.
"நேரமில்லை" தெரிந்தால் போதும்.

பிறகு தட்டுபவள்.
பெயரைச் சொல். ஆற்றைச் சொல்.
ஆலை கேட்கும் கழிவுநீர் அனுமதியைச் சொல்.
கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடு.
"நடுவில் நீ பேசினால்
அவர்கள் பதிலை நீ தின்றுவிட்டாய் என்று அர்த்தம்.
ஏழுவரை எண்ணு."
நான் மூன்றில் பேசிவிட்டேன்.

தாளில் ஐந்து எண்கள்.
ஒன்று என்றால் நம்மோடு நிற்பார்.
ஐந்து என்றால் நாயை அவிழ்ப்பார்.
இந்த ஊர் பெரும்பாலும் மூன்று.
கடைசிக் கட்டத்துக்குப் பெயர்: ஆள் இல்லை.

பென்சில்வேனியாவில் நவம்பர்
ஐந்து மணிக்கே பகலை மடித்து வைத்துவிடுகிறது.
மாலைக்கு நாற்பத்தைந்து கதவுகள்.
குளிரில் பேனா எழுதாது, அதனால் பென்சில்.
கையுறையின் கட்டைவிரலை வெட்டிவிட்டேன்.

வெண்டல் ப்ரூபேக்கர்,
முப்பத்தோரு வருடம் கோக் அடுப்பின் முன் நின்றவர்.
"இந்தக் கூரை அந்தப் புகை போட்டது" என்றார்.
எண்ணினேன்.
ஐந்தில் இருமினார்.
ஆறிலும் இருமினார்.
ஏழில், "இப்போதெல்லாம் பிடித்த மீனை யாரும் தின்பதில்லை"
என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.
என்ன எண் போட என்று கியானாவைக் கேட்டேன்.
இருமலுக்கு எண் கிடையாது என்றாள்.

அம்மா தொலைபேசியில்:
"இன்னும் அந்தக் கதவு தட்டுகிற வேலைதானா?"
அவளுக்கு மனதில் நான்கு போட்டேன்.
மறுநாள் வாடகைக்கு முந்நூறு டாலர் அனுப்பியிருந்தாள்.
இரண்டாக மாற்றினேன்.

வில்லோ தெருவில் பதினேழாம் எண்.
தட்டியதும் தொலைக்காட்சியின் நீலம் அணைந்தது.
திரைச்சீலையின் ஓரம்
யாரோ மூச்சுவிட்ட அளவுக்கு அசைந்தது.
ஆள் இல்லை என்று எழுதினேன்.
மூன்று மாலை. மூன்று முறை.
மூன்றாவது முறை எனக்குக் கோபம்.

விசாரணை தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில்.
அறுபது நாற்காலி விரித்தேன்.
பதினான்கு பேர் வந்தார்கள்,
ஆலையின் வக்கீல்கள் நால்வரையும் சேர்த்து.
நான் 'ஒன்று' என்று வட்டம் போட்ட இருபத்திரண்டு பேரில்
மூவர்.
வெண்டல் வரவில்லை.
ஒலிபெருக்கி ஒருமுறை கிறீச்சிட்டு,
பிறகு மரியாதையாக நடந்துகொண்டது.

காபிப் பாத்திரத்தருகே நீலக் கோட்டு அணிந்த ஒருத்தி.
"பதினேழு" என்றாள், பெயருக்குப் பதிலாக.
"தண்ணீர் பில் நான்கு மாதம் பாக்கி.
நீ அட்டையும் தாளுமாய் நின்றாய்.
இணைப்பை வெட்ட வந்தவள் என்று நினைத்தேன்."

எனக்குச் சொல்ல ஏதேதோ இருந்தது.
எண்ணினேன்.
நான்கில் அவள் கேட்டாள்:
"பால்பொடி தீர்ந்துவிட்டதா?"

பேசுவோர் பட்டியலில் கையெழுத்திடவில்லை.
கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில்
முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.
முடிவு ஜனவரிக்குத் தள்ளிப்போனது.
வக்கீல்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்,
தங்களுக்குள்.

நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன்.
உட்கார்ந்தவை, உட்காராதவை,
எல்லாம் ஒரே கனம்.
காரில் கூரை விளக்கைப் போட்டுத் தாளை எடுத்தேன்.
முதல் இரண்டு 'ஆள் இல்லை' ரப்பருக்கு அழிந்தன.
மூன்றாவதை அழுத்தி எழுதியிருக்கிறேன்.
கரி போனபிறகும்
விரலுக்குத் தட்டுப்படுகிறது பள்ளம்.

அதன்மேல் எண் எழுத வரவில்லை.
இர்மா ஹ்ரப்சாக் என்று எழுதினேன்.
எழுத்து சரிதானா என்று
நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.